கார்பன் நியூட்ரல், நெட் ஜீரோ இரண்டும் ஒன்றா?

வெயில்மரம்:
ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்தேன். ஓரிடத்தில் "ஏற்கெனவே கார்பன் நியூட்ரல் ஆகிவிட்டோம்" என்கிறார்கள், நாலு பக்கம் தள்ளி "2050க்குள் நெட் ஜீரோ" என்று இலக்கு வைக்கிறார்கள். கணக்குதான் நேராகிவிட்டதே, அப்புறம் எதற்கு 2050 வரை? இது ஏமாற்று வேலையா?

எதிர்க்காற்று:
ஏமாற்று என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இரண்டுக்கும் தூரம் அதிகம். வெளியேற்றுகிற கரியமில வாயுவைக் கணக்கெடுத்து அதே அளவுக்குக் கார்பன் கிரெடிட் (வேறெங்கோ ஒரு டன் உமிழ்வு தவிர்க்கப்பட்டது அல்லது உறிஞ்சப்பட்டது என்பதற்கான சான்று) வாங்கிவிட்டு, சொந்த உமிழ்வை ஒரு டன்கூடக் குறைக்காமலே கார்பன் நியூட்ரல் என்று போட்டுக்கொண்டவர்கள் உண்டு. நெட் ஜீரோவுக்கு, நிறுவனங்களின் காலநிலை இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ (SBTi) அமைப்பு 2021இல் கொண்டுவந்த தரத்தின்படி, பெரும்பாலான துறைகள் முதலில் உமிழ்வை 90 சதவீதமாவது குறைத்தாக வேண்டும், சப்ளையர்களிடமும் பொருளைப் பயன்படுத்துகிறவர்களிடமும் உண்டாகிற உமிழ்வுகூட, அதாவது ஸ்கோப் 3, கணக்கில் வரும், என்ன செய்தும் மிஞ்சுவதற்கு மட்டும்தான் காற்றிலிருந்து கார்பனை எடுத்து ஈடுகட்டலாம். உங்கள் அறிக்கையில் 2050 வருவது அதனால்தான்.

நீலவரி:
எந்த வாயு என்றும் பாருங்கள். கார்பன் நியூட்ரல் என்றால் சிலர் கரியமில வாயுவை மட்டும் எண்ணுவார்கள். ஒரு டன் மீத்தேன், 100 ஆண்டுகளில் பூமியைச் சூடாக்கும் அளவை வைத்துப் பார்த்தால், சுமார் 28 டன் கரியமில வாயுவுக்குச் சமம், அதை விட்டுவிட்டால் கணக்கு அழகாகத்தான் தெரியும். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் "நெட் ஜீரோ" என்ற சொல்லே கிடையாது. மனிதர் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களுக்கும் உறிஞ்சப்படுவதற்கும் இடையே இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் சமநிலை வேண்டும் என்றுதான் இருக்கிறது.

வெயில்மரம்:
சரி, காட்டைக் காப்பாற்றி கிரெடிட் விற்கிறார்களே, அதுவும் உறிஞ்சுவதில் சேருமா?

எதிர்க்காற்று:
அது பெரும்பாலும் தவிர்ப்பு கிரெடிட். வெட்டவிருந்த காட்டை வெட்டாமல் விட்டால் புதிதாகச் சேர்வது நிற்கும், காற்றில் ஏற்கெனவே இருப்பது அதனால் குறையாது. அதுவும் அந்தக் காட்டை உண்மையிலேயே வெட்ட இருந்தார்களா என்பதை யார் நிரூபிப்பது? வாங்குகிறவரும் விற்கிறவரும் நிச்சயமாகக் கேட்க மாட்டார்கள்! புதிதாக மரம் நட்டால் கார்பன் உறிஞ்சப்படும்தான், ஆனால் தீப்பிடித்தால் திரும்ப வெளியே வந்துவிடும்.

நீலவரி:
ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பரிலிருந்து, கிரெடிட் வாங்கியதை வைத்து ஒரு பொருளைக் கார்பன் நியூட்ரல் என்று விளம்பரம் செய்யத் தடை. உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பில் கிரெடிட்டைக் கழிக்காத மொத்த உமிழ்வு இருக்கும், ஸ்கோப் 3ஐயும் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்து, ஆண்டுக்காண்டு அது குறைகிறதா என்று ஒப்பிடுங்கள்.