முகமூடிக்குள் யார்: மஸ்காட் தொடர்படங்கள் ஆடியது போங்காட்டமா?

ரீல்பெட்டி:
பேசும் படம் வந்த புதிதில், அமெரிக்காவில் நாட் லெவின் நடத்திய மஸ்காட் என்ற சின்ன கம்பெனி, வாரம் ஓர் அத்தியாயமாகத் தியேட்டரில் ஓடும் மர்மத் தொடர்படங்களை எடுத்துத் தள்ளியது. அதில் 'தி ஹரிகேன் எக்ஸ்பிரஸ்' (1932) 12 அத்தியாயங்களையும் நேற்றுதான் முடித்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. ரயில்களைக் கவிழ்க்கும் 'ரெக்கர்' யார் என்று 11 வாரம் நம்மைத் தேட விடுகிறார்கள். அவன் முகமூடி மாட்டிக்கொண்டு கதையில் வரும் எவரைப் போலவும் மாறிவிடுவான். அந்தக் காட்சிகளில் நடிப்பது யார்? அவன் யாராக மாறினானோ, அந்த நடிகரேதான்! உயரம், நடை, குரல் எல்லாம் அப்படியே. பிறகு எந்தத் துப்பை நம்புவது? சுத்தமான அழுகுணி ஆட்டம்.

டூரிங்கொட்டகை:
கையில் காசில்லாதவர்கள் கண்டுபிடித்த வழி சார் அது. முகம் தெரியாத வில்லன் என்றால் அங்கிக்குள் அன்றைக்கு யார் இருக்கிறார்களோ அவர்களை நிறுத்திவிடலாம். 'தி த்ரீ மஸ்கடியர்ஸ்' (1933) தொடரில் எல் ஷைத்தான் என்ற மர்ம வில்லனாக வந்தது ஒரே ஆள் இல்லை. 'தி ஷேடோ ஆஃப் தி ஈகிள்' (1932) பாருங்கள். கார்னிவலில் இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்க, விமானம் ஒன்று புகையாலேயே வானத்தில் மிரட்டல் எழுதுகிறது. எழுதுபவன் முகமே தேவைப்படவில்லை. எனக்கு அது இன்றைக்கும் சிலிர்ப்புதான்.

ரீல்பெட்டி:
வானத்து எழுத்து அருமை, மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் காசைக் காரணம் காட்டாதீர்கள். அத்தியாய முடிவில் கார் பள்ளத்தில் பாய்கிறது. அடுத்த வாரம் பார்த்தால், போன வாரம் காட்டாத ஒரு ஷாட் நடுவில் வருகிறது, நாயகன் முன்பே குதித்துவிட்டான். நியாயமாகத் தப்பிக்கும் வழி ஒன்றை யோசித்து எழுத எவ்வளவு செலவாகும்? காசு கொடுத்து ஒரு வாரம் காத்திருந்த சிறுவனை ஏமாற்றுவதுதானே இது?

ஒலிநாடா:
இரண்டு பேரும் கண்ணால் மட்டுமே பார்க்கிறீர்கள். மஸ்காட்டின் 'தி கிங் ஆஃப் தி காங்கோ' (1929) பாதிதான் பேசும். நான்கே வருடத்தில் 'தி விஸ்பரிங் ஷேடோ' வந்துவிட்டது. அதில் வில்லன் என்று நாம் பார்ப்பது சுவரில் ஒரு நிழல், கேட்பது ஒரு குரல். ஊமைப் படத்தில் இதற்கு வழியே இல்லை. பின்னணி இசையும் பெரும்பாலும் கிடையாது, அதனால் அந்தக் குரல் நேராக வந்து காதில் விழுகிறது. சந்தேகம் எல்லாம் அதில் நடித்த 'டிராகுலா' புகழ் பேலா லுகோசி மேல் போகும். நான் பார்த்துக்கொண்டிருந்தது கார்ல் டேனைத்தான். ஊமைப் பட நாட்களில் புகழின் உச்சியில் இருந்தவர், பேசும் படம் வந்து வாய்ப்புகளை இழந்தவர். குரலையே வில்லனாக்கிய இந்தத் தொடர்தான் அவருடைய கடைசிப் படம்.

ரீல்பெட்டி:
கார்ல் டேன் விஷயம் எனக்குத் தெரியாது. இன்று இரவே மறுபடி போட்டுப் பார்க்கிறேன். நிழலையும் குரலையும் ஒத்துக்கொள்கிறேன், அங்கே நம்மிடம் எதையும் மாற்றிக் காட்டவில்லை. ரெக்கரை மட்டும் மன்னிக்க மாட்டேன்.