பாஸ்புக் தொகை தீர்கிறது, சிரப் மட்டும் தேங்குகிறது: இன்டென்ட்டை எப்படிப் போடுவது?

மாத்திரைச்சீட்டு:
கிராமத்து பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) ஒன்றில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். டி.என்.எம்.எஸ்.சி. (தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்) கிடங்கிலிருந்து பாஸ்புக்கில் ஒதுக்கிய தொகைக்குள்தான் மருந்து எடுக்க வேண்டும். சுகருக்கான மெட்ஃபார்மினும் பிரஷருக்கான அம்லோடிபினும் மாதக் கடைசிக்குள் காலியாகிவிடுகின்றன, இருமல் சிரப் மட்டும் பெட்டி பெட்டியாகக் கிடந்து எக்ஸ்பைரியை நெருங்குகிறது. போன வருட இன்டென்ட்டோடு (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) பத்து சதவீதம் கூட்டி எழுதுவதுதான் இங்கே வழக்கம். வேறு வழி உண்டா?

பழைய ஸ்டோர்:
அந்தப் பத்து சதவீதத்தை முதலில் விடுங்கள், தேங்கின சிரப்புக்கும் சேர்த்துத்தானே கூட்டுகிறீர்கள்! ரெஜிஸ்டரைத் திறந்து ஸ்டாக் இல்லாத நாட்களைக் கழித்துப் பாருங்கள். 20 நாளில் 4,000 மாத்திரை போய் மீதி 10 நாள் கையில் ஒன்றுமில்லை என்றால் மாதத் தேவை 6,000. ரெஜிஸ்டர் 4,000 என்றுதான் காட்டும், அதை நம்பி எழுதினால் அடுத்த மாதமும் இதே கதைதான். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகிறது, அந்தப் பட்டியலில் எத்தனை பேர் என்று பார்த்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

ஓ.பி. டாக்டர்:
சரியான கணக்கு. அதோடு எந்த மருந்துக்கு எவ்வளவு பணம் போகிறது என்று பெரிய தொகையிலிருந்து வரிசையாக எழுதிப் பாருங்கள் சார், நாலைந்து ஐட்டமே பாஸ்புக்கின் பெரும்பகுதியை விழுங்கியிருக்கும். குறைப்பதை அங்கே குறையுங்கள். ஆனால் பாம்புக்கடி மருந்து, ஆக்சிடோசின், அட்ரினலின் மாதிரி உயிர்காக்கும் மருந்துகளில் கை வைக்காதீர்கள், ஆறு மாதம் தொடாமல் கிடந்தாலும் இருக்கத்தான் வேண்டும்.

மாத்திரைச்சீட்டு:
நன்றி சார். பற்றாக்குறையை வெளியே வாங்கிச் சமாளிக்கலாமா?

பழைய ஸ்டோர்:
அவசரத்துக்கு மட்டும். 1994-இல் டி.என்.எம்.எஸ்.சி.யைத் தொடங்கியதே மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர் விட்டு விலையைக் குறைக்கத்தான், கடையில் சில்லறையாக வாங்கினால் அந்த லாபம் அப்படியே போய்விடும். கையில் இருக்கும் சிரப்பில் எக்ஸ்பைரி முந்தியதை முன்னால் அடுக்குங்கள். எப்படியும் மிஞ்சும் என்று தெரிந்தால் இப்போதே வட்டார மருத்துவ அலுவலரிடம் சொல்லி ஓ.பி. அதிகமுள்ள பக்கத்து பி.எச்.சி.க்கு மாற்றப் பாருங்கள். கடைசி மாதத்தில் போய்க் கேட்டால் யாரும் வாங்க மாட்டார்கள்.