மூச்சை எண்ண 15 செகண்டா, ஒரு நிமிஷமா?

வைகைக்கரை:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட், அதாவது நோயாளியைப் பார்த்து என்ன பண்ணணும்னு முடிவெடுக்கிற திறமை, வார்டுல நின்னா தானா வரும், கிளாஸ்ல சொல்லிக்கொடுக்க முடியாது. மூச்சை 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குறவங்கதான் வேலை தெரிஞ்ச நர்ஸ். ஒரு நிமிஷம் எண்ணுறவங்க பரீட்சைக்குப் படிச்சவங்க." முதல் பாதியை விடுங்க, ரெண்டாவது பாதியைப் படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 15 செகண்ட் எண்ணினா விடை 16, 20, 24, 28னு நாலு நாலாத்தான் தாவும். நோயாளி மோசமாகுறாரான்னு கண்டுபிடிக்க மார்க் போடுற நியூஸ்-2 அட்டவணையில, மூச்சு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரைக்கும் பூஜ்யம், 21 முதல் 24க்கு 2, 25ம் அதுக்கு மேலயும் 3. ஒரு மூச்சைக் கூடுதலா எண்ணினா பூஜ்யம் 2 ஆயிரும். ஒண்ணை விட்டா டாக்டரைக் கூப்பிட வேண்டிய கேஸ் "ஸ்டேபிள்" ஆயிரும். நாலாம் வாய்ப்பாடு தெரிஞ்சா போதுமா அண்ணே நர்ஸ் ஆக?

நைட்டூட்டி:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். 40 பெட் வார்டுல ஆளுக்கு ஒரு நிமிஷம்னா மூச்சுக்கு மட்டும் 40 நிமிஷம். அப்புறம் பி.பி. யார் பார்க்கிறது, 6 மணி ஆன்டிபயாடிக் யார் போடுறது? உங்க தாத்தாவா? ஒரு நோயாளி கட்டில் கம்பியைப் பிடிச்சு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கார், கழுத்துச் சதை இழுக்குது, ஒரு வாக்கியத்தை முழுசா முடிக்க முடியல. இதைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிடணும். 22ஆ 24ஆன்னு வாட்சைப் பார்த்துட்டு நிக்கிறதுக்குப் பேர் ஜட்ஜ்மென்ட் இல்ல.

மூணாம்_வருஷம்:
நர்சிங் ஆய்வாளர் கிறிஸ்டின் டேனர் 2006ல சொன்ன ஜட்ஜ்மென்ட் மாதிரியில நாலு படி இருக்கு: கவனிக்கிறது, அர்த்தம் பண்ணுறது, செய்யுறது, செஞ்சதைத் திரும்ப யோசிக்கிறது. நீங்க ரெண்டு பேரும் பேசுறது முதல் படியை மட்டுமா? முதல்ல எதை ஜட்ஜ்மென்ட்னு சொல்றோம்னு முடிவு பண்ணிக்கலாமே?

வைகைக்கரை:
தங்கச்சி, டேனர் இருக்கட்டும். முதல் படியிலயே 15 செகண்ட்னா மிச்ச மூணு படியும் தப்புக் கணக்குலதான் நிக்கும்.
நைட்டூட்டி அண்ணே, கழுத்துச் சதை இழுக்கிறது கடைசிக் கட்டம். 18ல இருந்து 24க்கு ஏறுறதை வாசல்ல நின்னு பார்த்தா தெரியாது. மாஸ்க்ல ஆக்சிஜன் ஓடுறவருக்கு சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் சதவீதம்) 98னு காட்டிக்கிட்டே இருக்கும், மூச்சு உள்ளுக்குள்ள ஏறும். சுகர் ரொம்ப ஏறி ரத்தம் அமிலமாகுற கீட்டோஅசிடோசிஸ்ல சாச்சுரேஷன் 99, மூச்சு 32, அதுவும் ஆழமா. இதெல்லாம் தெரியாமத்தான் வார்டு முழுக்க டி.பி.ஆர். (காய்ச்சல், நாடி, மூச்சு) சார்ட்ல மேல இருந்து கீழ வரைக்கும் 20, 20, 20ன்னு கோலம் போட்டு வைக்கிறாங்க.
எண்ணப் போறோம்னு சொல்லக் கூடாது, சொன்னா மூச்சை மாத்திருவாங்க. நாடி பிடிச்ச விரலை எடுக்காம, அவங்க கையை அவங்க நெஞ்சு மேலயே சாய்ச்சு வச்சு, ஏறி இறங்குறதை ஒண்ணுன்னு எண்ணணும். இப்பத்தான் பாத்ரூம் போய்ட்டு வந்தார்னா கொஞ்சம் பொறுக்கணும். ஒரு நிமிஷம். முழுசா.

உசிலை_சிஸ்டர்:
கட்டுவிரியன் கடியில உங்க ஒரு நிமிஷத்தை வச்சு என்ன பண்ணுவீங்க? எண்ணினா 16தான் வரும். குறையுறது மூச்சோட ஆழம். ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணச் சொல்லணும். முதல்ல 25 வரைக்கும் போனவர் அரை மணி கழிச்சு 12ல நின்னா சுவாசத் தசை விழுதுன்னு அர்த்தம். இமை தொங்குதா, தலையணையில இருந்து தலையைத் தூக்குறாரான்னும் பார்க்கணும். 108ல மதுரைக்கு ஏத்தும்போது கூடவே மூச்சு கொடுக்க கையால அமுக்குற அம்பு பேக்கும் அதை அமுக்கத் தெரிஞ்ச ஆளும் இருக்கணும்.

நைட்டூட்டி:
சபாஷ் சிஸ்டர். எண்ணிக்கையே எல்லாம் இல்லன்னு இப்பவாவது புரியட்டும்.

வைகைக்கரை:
25, 12ன்னு அவங்க சொன்னது மட்டும் என்ன அண்ணே, கவிதையா?
மக்னீசியம் சல்பேட்டுக்கு வாங்க. பிரசவ ஜன்னி (கர்ப்பிணிக்கு பி.பி. ஏறி வர்ற வலிப்பு) கேஸுக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு தரம் இடுப்புல 5 கிராம். ஒவ்வொரு டோஸுக்கும் முன்னாடி முழங்கால் ரிஃப்ளெக்ஸ் இருக்கணும், யூரின் மணிக்கு 30 மி.லி.யாவது போகணும், மூச்சு 16க்குக் குறையக் கூடாது. 15 செகண்ட்ல 4 எண்ணினா உங்களுக்கு 16. நெசத்துல அது 14ஆ இருக்கலாம். மக்னீசியம் ஓவரானா மூச்சையே நிறுத்திரும். ஊசியைப் போட்டுட்டு அதுக்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைத் தேடுவீங்களா?

நைட்டூட்டி:
12னுதான் நாங்க படிச்சது.

வைகைக்கரை:
உலக சுகாதார நிறுவனக் கையேட்டுல 16. ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) நோட்ஸை இன்னும் ஜெராக்ஸ் எடுத்துட்டு இருந்தா 12தான் வரும்.

உசிலை_சிஸ்டர்:
ஜி.என்.எம். எங்க இருந்து வந்துச்சு இதுல? ராத்திரி 2 மணிக்கு பிரசவம் பார்க்கிறது யாருன்னு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் போய்ப் பாருங்க. பி.எஸ்சி. நர்சிங் எல்லாம் அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் பரீட்சையான என்கிளெக்ஸ் கோச்சிங்ல உட்கார்ந்திருக்கு.

மூணாம்_வருஷம்:
சிஸ்டர், 2023 ஏப்ரல்ல இருந்து என்கிளெக்ஸ்லயே கேஸைக் கொடுத்து ஜட்ஜ்மென்ட்டைத்தான் சோதிக்கிறாங்க...

உசிலை_சிஸ்டர்:
அமெரிக்கா போய்ச் சோதிச்சுக்கோங்க தாயி.

நைட்டூட்டி:
டெங்குவைப் பார்ப்போமா? அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டுருச்சு, பையன் வீட்டுக்குப் போகணும்னு நிக்கிறான். பி.பி. 100/80. சார்ட்ல "நார்மல்"னு எழுதியிருக்கு. 100ல 80 போனா 20, பல்ஸ் பிரஷர் (மேல் பி.பி.க்கும் கீழ் பி.பி.க்கும் உள்ள இடைவெளி) சுருங்கியாச்சு, ஷாக் வாசல்ல நிக்குது. கை சில்லுன்னு இருக்கா, வயிறு வலிக்குதா, வாந்தி நிக்கலையா, ஹிமட்டோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு) ஏறுதான்னு கேட்கணும். காய்ச்சல் விட்டதுக்குச் சந்தோஷப்படாம அப்பத்தான் பயப்படத் தெரியணும். இதை எந்த வாட்ச் சொல்லும்?

வைகைக்கரை:
100ல 80ஐக் கழிச்சது யாரு? நீங்களும் எண்ணைத்தானே நம்புறீங்க. அந்த 80 சரியான அளவு கஃப் போட்டு எடுத்ததான்னு முதல்ல கேளுங்க. பி.பி.க்கு அம்புட்டு நேரம் ஒதுக்குற ஆளுக்கு மூச்சுக்கு மட்டும் 15 செகண்டா?
சொல்லிக்கொடுக்க முடியாதுன்னீங்களே, இப்படிக் கொடுக்கலாம். சார்ட்டை மூடி வச்சுட்டு மாணவியைக் கட்டில் பக்கத்துல நிறுத்துங்க. "அடுத்த ஒரு மணி நேரத்துல இவருக்கு எது கெடும், எதைப் பார்த்தா முன்கூட்டியே தெரியும்?"னு எழுதச் சொல்லுங்க. அப்புறம் சார்ட்டைத் திறந்து ஒப்பிடணும். ஒரு மணி கழிச்சு திரும்ப வந்து பார்க்கணும். ஆனா அதுக்கும் முன்னாடி மூச்சை ஒரு நிமிஷம் எண்ணணும்.

நைட்டூட்டி:
எந்த வாட்ச்சை வச்சு? பாதி வார்டு கடிகாரத்துல செகண்ட் முள் ஓடுறதே இல்ல. போனை எடுத்தா இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் சிஸ்டர் சண்டைக்கு வருவாங்க.

வைகைக்கரை:
போனைத் தொட்டா கை கழுவுங்க. கை கழுவ 20 செகண்ட் கிடைக்குது, மூச்சு எண்ண 60 செகண்ட் கிடைக்காதா?

நைட்டூட்டி:
சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 செகண்ட் மேடம். 20 முதல் 30 தண்ணியில்லாம தேய்க்கிற ஹேண்ட்ரப்புக்கு. அதுவும் உங்க உலக சுகாதார நிறுவனம் சொன்னதுதான். இதுல மட்டும் எதுக்குச் சுருக்குறீங்க?