1960 செவர்லே: பின்பக்கம் மூன்றாவது லைட்டுக்கு ஓட்டை போடலாமா?

தண்டையார்பேட்டை_பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா வாங்கிய செவர்லே ஒன்று வீட்டில் இருக்கிறது. தூதரக அதிகாரி ஒருவர் ஊர் திரும்பும்போது விற்ற வண்டி, அதனால் ஸ்டியரிங் இடது பக்கம். ஆர்.சி.யில் செவர்லே, 1960 என்று மட்டும் இருக்கிறது, மாடல் பெயர் இல்லை. ஆனால் வீட்டிலும் தெருவிலும் அது எப்போதும் இம்பாலாதான். பெட்ரோல் செலவு தாங்காமல் தாத்தா டீசல் இன்ஜின் மாட்டிவிட்டார். கழற்றிய ஆறு சிலிண்டர் இன்ஜின் பின்கட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.

இப்போது பெயிண்ட் முழுக்கச் சுரண்டி வண்டி பட்டறையில் நிற்கிறது. பின்பக்கம் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வட்ட லைட்தான். இம்பாலாவுக்கு மூன்று இருக்கும், எப்போதோ அடிபட்டு ஒன்றை அடைத்திருப்பார்கள் என்கிறார் பெயிண்டர். தகட்டை வெட்டி மூன்றாவது லைட் வைத்து, இம்பாலா எழுத்தும் பதித்துத் தருவாராம். தாத்தா நினைவாகச் செய்கிற வேலை, சரியாக இருக்க வேண்டும். வெட்டச் சொல்லலாமா?

பழையவண்ணை_டிங்கர்:

தம்பி, வெட்ட வேண்டாம். இன்றைக்கே போன் செய்து நிறுத்துங்கள்.

டிக்கியைத் திறந்து உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டையை அடைத்திருந்தால் வெளியே பட்டி வைத்து மறைத்திருப்பார்கள், ஆனால் உள்ளே வெல்டிங் தழும்பை யாரும் மெனக்கெட்டுத் தேய்ப்பதில்லை. தழும்பு இல்லையென்றால் அங்கே ஓட்டையே இருந்ததில்லை.

அப்புறம் இடது முன்கதவின் கீல் இருக்கிற தூணில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். நம்பர் பூஜ்யத்தில் தொடங்கினால் 1960 மாடல். அடுத்த இரண்டு இலக்கம் மாடலைச் சொல்லும்: 11, 12 என்றால் பிஸ்கேன். 15, 16 என்றால் பெல் ஏர். 17, 18 என்றால்தான் இம்பாலா. ஒற்றைப்படை ஆறு சிலிண்டர், இரட்டைப்படை எட்டு சிலிண்டர் வி-8. அதற்கடுத்து 19 என்று இருந்தால் நான்கு கதவு செடான். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எண்ணூர்வாசி:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். நம் பக்கம் பெரிய அமெரிக்க வண்டி எது வந்தாலும் இம்பாலா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு வாடகைக்குக் கேட்கிறவர்களும் அந்தப் பெயரைத்தான் கேட்கிறார்கள். பாடி எல்லா மாடலுக்கும் ஒன்றுதானே? மூன்றாவது லைட் வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பின்னால் விற்க வேண்டி வந்தாலும் நல்ல விலை போகும்.

தண்டையார்பேட்டை_பேரன்:

பார்த்துவிட்டேன் அண்ணே. உள்ளே தழும்பு எதுவும் இல்லை. தகட்டில் நம்பர் 01519 என்று தொடங்குகிறது. அப்படியென்றால் பெல் ஏர், ஆறு சிலிண்டர், நான்கு கதவு, சரியா? அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெல் ஏர் மட்டமான மாடலா?

பழையவண்ணை_டிங்கர்:

மட்டமா? தம்பி, செவர்லேயின் உச்சியில் இருந்த பெயர் அது. 1950ல் கதவுப் பக்கம் நடுத்தூண் இல்லாத, இரும்புக் கூரை வண்டிக்கு முதலில் அந்தப் பெயரை வைத்தார்கள். 1953ல் தனி வரிசை ஆனது. 1955, 56, 57 பெல் ஏர்களை இன்றைக்கும் உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். இம்பாலாவே 1958ல் பெல் ஏர் வரிசையின் உயர்ந்த வகையாகத்தான் பிறந்தது, அதுவும் இரண்டு கதவு மட்டும். 1959ல் தனியாகப் பிரிந்து மேலே போனது, நான்கு கதவும் அப்போதுதான் வந்தது. பெல் ஏர் நடுவுக்கு இறங்கியது. அமெரிக்காவில் 1975 வரை, கனடாவில் 1981 வரை அந்தப் பெயர் ஓடியது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

59ல் பின்பக்கம் பூனைக்கண் வடிவ லைட்டும், வவ்வால் இறக்கைபோல் விரிந்த தகடும் இருந்தன. 60ல் இறக்கையைத் தணித்து, வட்ட லைட்டுக்குத் திரும்பினார்கள். இம்பாலாவுக்குப் பக்கத்துக்கு மூன்று, மற்றவற்றுக்கு இரண்டு. எண்ணூர் அண்ணன் சொல்வதுபோல் பாடியும் சேசிஸும் ஒன்றுதான், லைட்டும் அலங்காரமும்தான் வேறு. அதனால்தான் அந்த இரண்டு லைட்டைத் தொடக்கூடாது என்கிறேன். உங்கள் வண்டி இன்னது என்று வெளியே சொல்வது அதுதான். வெட்டிவிட்டால் அது பெல் ஏரும் இல்லை, இம்பாலாவும் இல்லை. கதவைத் திறந்து நம்பர் பார்க்கத் தெரிந்தவன் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான், அப்புறம் நல்ல விலை எங்கே?

வாடகைக் கணக்கும் சரிவராது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடத்துக்கு. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாடகைக்கோ தினசரி ஓட்டத்துக்கோ அனுமதி இல்லை. சேசிஸ், பாடி, இன்ஜின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. டீசல் இன்ஜினோடு போய் நின்றால் அங்கேயே மாட்டுவீர்கள். பின்கட்டு இன்ஜின் இருக்கிறதே, அது பெரிய சொத்து.

லைட்டை விடுங்கள், நான் கவலைப்படுவது சேசிஸைப் பற்றி. 1958 முதல் 64 வரை இந்த வண்டிகளுக்கு எக்ஸ் வடிவச் சட்டம். பக்கவாட்டில் சட்டம் கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் பாடித் தகடுதான் பக்கத்தைத் தாங்குகிறது. நம் ஊர் கடற்காற்றைச் சொல்லவா வேண்டும். ராயபுரம், காசிமேடு பக்கம் நின்ற வண்டி எது பட்டறைக்கு வந்தாலும் முதலில் கீழேதான் படுத்துப் பார்ப்பேன். சட்டத்தின் உள்ளே உப்பும் ஈரமும் தங்கி உள்ளிருந்தே அரித்திருக்கும், வெளியே பளபளவென்று இருக்கும். பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து ஏறுகிற இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் பெயிண்ட் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். மேலே தகடு வைத்து ஒட்டுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள், அரித்ததை வெட்டி எடுத்து அதே கனத்தில் புது இரும்பு வைக்கச் சொல்லுங்கள்.

பதினேழரை அடி நீளம், இவ்வளவு இரும்பு, ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். 2009ல் அமெரிக்காவில் ஒரு 1959 பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டுச் சோதித்தார்கள். நொறுங்கியது பெல் ஏரின் டிரைவர் இடம். உங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பிரேக் ஆயிலுக்கு ஒரே லைன். ஒரு ஹோஸ் போனால் மொத்த பிரேக்கும் போச்சு. எல்லா ஹோஸையும் புதிதாகப் போடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இதைக் கொண்டுபோக வேண்டாம்.

தண்டையார்பேட்டை_பேரன்:

பெயிண்டரிடம் சொல்லிவிட்டேன், இரண்டு லைட்டே இருக்கட்டும். இன்ஜின் இதே வண்டியுடையதுதானா என்று எப்படிப் பார்ப்பது?

பழையவண்ணை_டிங்கர்:

நல்லது தம்பி. 1960க்கு வந்தது 235 கன அங்குல ஆறு சிலிண்டர், 3.9 லிட்டர், 135 குதிரைத்திறன். பழைய செவர்லே லாரியின் 216 கன அங்குல இன்ஜினைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வால்வ் கவர் மேலே இரண்டு நட்டில் நின்றால் பழசு. ஓரத்தில் நான்கு ஸ்க்ரூ என்றால் பிந்தைய 235. உடனே சுற்றிப் பார்க்காதீர்கள், இறுகியிருக்கும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறவிடுங்கள். அதற்குள் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, அடிப்பக்கம் போட்டோ எடுத்துப் போடுங்கள்.