கோஜிரா 1954: உங்களிடம் இருப்பது அசல்தானா?

பழையரீல்
ஜப்பானியர் 'கோஜிரா' என்று சொல்லும் ராட்சத மிருகம் காட்ஜில்லா. அதன் முதல் படம் என்ற பெயரில் இரண்டு படங்கள் உலவுகின்றன. முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். டோஹோ நிறுவனம் 1954 நவம்பர் 3-ல் வெளியிட்ட, இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கோஜிரா' 96 நிமிடம். 1956-ல் அமெரிக்காவில் வெட்டி ஒட்டியது 80 நிமிடம். 92 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், வெட்டு எதுவும் இல்லை. ஐரோப்பிய டிவி முறையான 'பால்' (PAL) டிவிடியில் படம் நொடிக்கு 24-க்குப் பதில் 25 பிரேம் ஓடும், நேரம் நான்கு சதவீதம் சுருங்கிவிடும். அதே கணக்கில் அமெரிக்கப் பதிப்பு 77-க்கு வந்து நிற்கும்.

நேரத்தை நம்ப முடியாவிட்டால் முதல் நிமிடம் போதும். அசலில் கறுப்புத் திரை, தடதடவென்று காலடிச் சத்தம், உறுமல், மேலேறும் ஜப்பானிய எழுத்துகள், பிறகு அகிரா இஃபுகுபேயின் இசை. மற்றதில் டோக்கியோ ஏற்கெனவே இடிந்து கிடக்கும், ஓர் அமெரிக்கர் குரல் கதை சொல்லத் தொடங்கும்.

வெட்டுஒட்டு
96-ல் 80 போனால் 16 நிமிடம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். நிருபர் ஸ்டீவ் மார்ட்டினாக ரேமண்ட் பர் வரும் காட்சிகளே சுமார் 20 நிமிடம். டெர்ரி மோர்ஸ் அதை அமெரிக்காவில் எடுத்துச் சேர்த்தார். ஆக அசலில் போனது 35 நிமிடத்துக்கும் மேல்.

ஒட்டு தெரியும் இடம்: பர் யாரோடு பேசினாலும் எதிரில் இருப்பவரின் முதுகைப் பாருங்கள். கதாநாயகி எமிகோவாக நடித்த மொமோகோ கோச்சியின் முகம் அசல் காட்சியில் வரும், பர்ரோடு ஒரே சட்டகத்தில் மட்டும் பின்தலைதான். அந்தத் தலை வேறொருவருடையது. விஞ்ஞானி செரிசாவாவையும் நிருபரின் கல்லூரி நண்பராக்கிவிட்டார்கள், அதனால் இருவரும் போனில் பேசிக்கொள்வதோடு வேலை முடிகிறது. கெட்டிக்காரத்தனம்தான், மறுப்பதற்கில்லை.

மழைக்காலம்
போன நிமிடங்களில் என்ன இருந்தது என்பதுதான் விஷயம். ரயில் காட்சி ஒன்று போதும். ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் நாளிதழ் செய்தியைப் பேசிக்கொண்டு போகிறார்கள். கதிர்வீச்சு பட்ட சூரை மீன், கதிர்வீச்சு மழை, போதாக்குறைக்கு இப்போது கோஜிரா என்று அலுத்துக்கொள்கிறாள். நாகசாகி குண்டிலிருந்து தப்பிய உடம்பு இது என்கிறாள். ஒருவர் 'சொகாய்'க்கு இடம் தேட வேண்டியதுதான் என்க, மற்றவர் மறுபடியுமா என்று சலித்துக்கொள்கிறார். போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்தைக் காலி செய்ததற்கு அதுதான் சொல். சப்டைட்டிலில் வெறுமனே 'வெளியேற்றம்' என்று போட்டால் பாதி கனம் போச்சு.

படம் வந்த 1954-லேயே, மார்ச் 1-ல் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 23 பேர் இருந்த 'தாய்கோ ஃபுகுர்யூ மாரு' என்ற சூரை மீன் படகில் விழுந்தது. படகின் ரேடியோ இயக்குநர் அய்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23-ல் இறந்தார். படம் வந்தது 41 நாள் கழித்து. தொடக்கத்தில் கப்பல் தளத்தில் கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கும் மாலுமிகள் மேல் ஒளி பாய்ந்ததும் அரங்கில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்பட்டிருக்காது.

படத்தில் நாடாளுமன்றக் குழுவில் கோஜிரா பற்றிய செய்தியை மறைக்கலாமா கூடாதா என்று நடக்கும் கூச்சலையும் கவனியுங்கள். வெளியே சொல்லித்தான் ஆக வேண்டும் என்று மல்லுக்கு நிற்பவர்கள் பெண் உறுப்பினர்கள்.

கீழ்வரி
சப்டைட்டில் தனியாக இறக்குபவர்களுக்கு. வசனம் முதலிலிருந்தே ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வந்தால் விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளால் தள்ளினால் தீர்ந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் அது பிரேம் வேகக் கோளாறு, கடைசியில் நான்கு நிமிடம் வரை போகும். எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. வசனம் முந்திக்கொண்டே போனால் 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் பிரேம் வேகத்தை 25-லிருந்து 23.976-க்கு மாற்றிச் சேமியுங்கள். சில இடத்தில் மட்டும் பொருந்தி, பிறகு தாறுமாறாக ஓடினால் கோப்பு 80 நிமிடப் பதிப்புக்கானது, தூக்கிப் போடுங்கள்.

இன்னொரு சோதனை: மிருகத்தின் உயரம். அசலில் பேராசிரியர் யமானே சுமார் 50 மீட்டர் என்பார். 400 அடி என்று வந்தால் அது அமெரிக்க வசனம். ஆனால் ஜுராசிக் காலத்தை 20 லட்சம் ஆண்டுக்கு முன் என்று அவர் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்டாதீர்கள். வசனமே அப்படித்தான். உண்மையில் அது முடிந்தே 14 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது!

தட்டுக்கடை
கிரைட்டீரியன் நிறுவனம் 2012-ல் கொண்டுவந்த புளூ-ரேயில் இரண்டு பதிப்பும் உண்டு. ஆனால் ரீஜன் ஏ, அதாவது அந்த வட்டார நாடுகளின் பிளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டியது. இந்தியாவிலும் இலங்கையிலும் ரீஜன் சி, இங்கே விற்கும் பிளேயர் தட்டை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். சிங்கப்பூர், மலேசியாவில் அந்தத் தொல்லை இல்லை. அழிவுக் காட்சிகளில் கீறல் தெரிந்தால் தட்டைக் குறை சொல்லாதீர்கள். பல பிம்பங்களை அடுக்கி மறுபடி மறுபடி அச்செடுத்ததால் வந்தது அது.

பழையரீல்
முடிவை மட்டும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். பர், உலகம் விழித்து மீண்டும் வாழலாம் என்று நிம்மதியாக முடிக்கிறார். அசலில் யமானேவாக வரும் தகாஷி ஷிமுரா கடலைப் பார்த்தபடி, அது ஒன்றுதான் கடைசி என்று தோன்றவில்லை, சோதனைகள் தொடர்ந்தால் இன்னொன்று எங்காவது வரும் என்று முனகுகிறார். இதில் வேடிக்கை, வெட்டிய பதிப்பையே 1957-ல் ஜப்பானிலும் திரையிட்டார்கள்.