சியோல் புக்கன்சான்: முட்டிவலி உள்ள அப்பாவை உச்சிவரை கூட்டிப் போகலாமா?

கேள்வி:
அக்டோபர் கடைசியில் அப்பா சியோல் வருகிறார். வயது 63. தினமும் நடப்பவர்தான், ஆனால் படி இறங்கினால் முட்டி வலிக்கும். புக்கன்சான் தேசியப் பூங்காவில் பேகுன்டே உச்சியைப் பார்க்க ஆசைப்படுகிறார். ஏற முடியுமா?

பதில்:
தம்பி, 836 மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். கடைசிப் பகுதி முழுக்க மொட்டைக் கருங்கல் பாறை. இரும்புக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். இறங்குவதும் அதே வழியில்தான். எதிரே ஆட்கள் ஏறி வந்துகொண்டே இருப்பார்கள், சனி ஞாயிறென்றால் வரிசையே நிற்கும். வலிக்கிற முட்டிக்கு அந்த இடம் வேண்டவே வேண்டாம்.

அப்பாவை மேற்குப் பக்கம் கூட்டிப் போங்கள். சப்வே 3ஆம் தடத்தில் கூபாபல் நிலையம், அங்கிருந்து 704ஆம் எண் பஸ், புக்கன்சான்சோங் நிறுத்தம். உள்ளே போனால் தேசோமுன் என்ற கோட்டை வாசல் வரும். 1711இல் சுக்ஜோங் மன்னர் கட்டிய மலைக்கோட்டை அது. அதைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் நடந்தால், அவர் பார்க்க ஆசைப்படும் பேகுன்டேயே தலைக்கு மேல் தெரியும். முட்டி முரண்டு பிடித்தால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். அந்தச் சமயத்தில் மேப்பிள் இலைகளும் சிவந்திருக்கும். உச்சிக்குப் போகாத நாளை வீண் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, அப்படியே செய்கிறோம். இன்னொரு நாள் நான் மட்டும் உச்சிக்குப் போவதென்றால்?

பதில்:
தாராளமாக. உயி-சின்சொல் ரயிலில் மலைப் பக்கக் கடைசி நிலையமான புக்கன்சான் உயி வரை போய், தோசொன்சா கோயில் பக்கமாக ஏறுங்கள். வழியில் இன்சுபாங் பாறையில் கயிறு கட்டி ஏறுபவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், அவ்வளவு அழகு! நல்ல பிடிப்புள்ள கையுறை கட்டாயம். முந்தின நாள் மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் தள்ளிப் போடுங்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், அந்த மாதக் கடைசியில் ஐந்தரை மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். நுழைவுக் கட்டணம் 2007லேயே எடுத்துவிட்டார்கள். மலையில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது.

இன்னொருவர்:
ஷூ இல்லையென்று யோசிக்க வேண்டாம் தம்பி. அந்தக் கடைசி நிலையத்துக்குப் பக்கத்திலேயே சியோல் மலையேற்றச் சுற்றுலா மையம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களுக்கு மலையேற்ற ஷூ வாடகைக்குத் தருவார்கள். பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.