அழிய மறுத்த டைரக்டரி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பட்டணத்தில் ஒரு டியூஷன் சென்டரின் லினக்ஸ் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன பள்ளி விடுமுறையில் தோட்டத் தொழிலாளர்களின் பெயரும் வருகையும் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஸ்கேன் செய்தோம். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், மைப்பேனாவில் எழுதிய பெயர்கள். ஒரு பக்கத்தில் என் பாட்டியின் பெயரும் இருந்தது.

வேலை முடிந்ததும் படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, என்எஃப்எஸ் வழியாக (வேறு கணினியின் கோப்புகளை நெட்வொர்க்கில் பயன்படுத்தும் முறை) இணைத்திருந்த பழைய டைரக்டரியை, அதாவது கோப்புறையை, அழிக்கப் போனேன். ‘டைரக்டரி நாட் எம்ப்டி’ என்றது. திறந்து பார்த்தால் காலி. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையோடு, மறைந்தவற்றையும் காட்டும் மைனஸ் ஏ சேர்த்துப் பார்த்தபோதுதான் அகப்பட்டது: புள்ளி என்எஃப்எஸ் என்று தொடங்கி, பின்னால் நீளமாக எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு மறைகோப்பு. அதை அழித்தால் ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’.

லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகைக் கணினிகளில் திறந்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் மட்டும்தான் உடனே போகும். திறந்த புரோகிராம் மூடும்வரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். என்எஃப்எஸ்ஸில் அந்த வசதியைக் காப்பாற்ற, நம் கணினியே கோப்பை அழிக்காமல் இப்படிப் பெயர் மாற்றி ஒதுக்கி வைக்கிறது. அப்படியென்றால் யாரோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

எந்தக் கோப்பை எந்தப் புரோகிராம் திறந்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் ஓட்டினேன், ஒன்றும் வரவில்லை. நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு ஓட்டியதும் தெரிந்தது: நான்காம் படிவ மாணவன் ஒருவனின் கணக்கில் படம் காட்டும் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. திரையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். போன் செய்து வரவழைத்தேன். பூட்டைத் திறந்தால், செக்ரோல் பக்கம் ஒரு பக்கம், அதைப் பார்த்து அவன் தட்டி வைத்த பெயர்கள் மறுபக்கம், இன்னும் சேமிக்காமல். நான் அவசரப்பட்டு ரீபூட் செய்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். அவன் சேமித்து மூடினான், மறைகோப்பு தானாக மறைந்தது, டைரக்டரியை அழிக்கும் ஆர்எம்டிர் கட்டளை ஒரே தட்டில் வேலை செய்தது.

பக்கத்துத் தோட்டத்து உறுப்பினர்:
அண்ணே, எனக்கு வந்தது வேறு. முழு உரிமையுள்ள ரூட்டாக இருந்தும் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’. அனுமதியை மாற்றும் சிஎச்மோட் எத்தனை முறை போட்டும் அசையவில்லை. கோப்பின் சிறப்புக் குறிகளைக் காட்டும் எல்எஸ்அட்டர் மைனஸ் டி போட்டால் ஐ என்ற குறி, அதாவது மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி பூட்டியது. யாரோ பேக்கப்பைப் பாதுகாக்கப் போட்டது. ஏன் போட்டார்கள் என்று கேட்டுவிட்டு, அந்தக் குறியை நீக்க சிஎச்அட்டர் மைனஸ் ஐ போட்டேன். சரியாகிவிட்டது. ‘பெர்மிஷன் டினைட்’ வந்தால் அது தனிக் கதை. அப்போது அந்த டைரக்டரியை விட்டுவிட்டு, அதைத் தாங்கும் மேல் டைரக்டரியில் எழுதும் அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு உறுப்பினர்:
தமிழில் பெயர் வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பழைய மேக் கணினியிலிருந்து வந்த ‘தொழிலாளர்’ என்ற டைரக்டரி கண்ணெதிரே இருக்கிறது, பெயரைத் தட்டி அழித்தால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்கிறது. ‘தொ’வில் உள்ள கொம்பும் காலும் கணினி எழுத்துகளுக்கான யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. எல்எஸ் மைனஸ் ஐ போட்டு ஐநோடு எண்ணை (பெயரில்லாமலே அதை அடையாளம் காட்டும் எண்) எடுத்து, தேடும் கட்டளையான ஃபைண்டில் அந்த எண்ணைக் கொடுத்து அழித்தேன்.